"எல்லாத்தையும்தானே தம்பி எடுத்துட்டு வந்தேன்?"

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அக்கா போனில் கூப்பிட்டார். "தம்பி, மூணு மாசமா போட்டு வச்ச திருத்தம் ஒண்ணு கூட இல்ல. பட்டியல் காலியா இருக்கு."

அக்கா திண்டுக்கல்லில் டிடிபி வேலை பார்ப்பவர். காலையில் ஒரு அச்சகம், சாயங்காலம் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு டைப்பிங் கடை. இரண்டு இடத்திலும் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வரைந்து வைத்த பழைய எழுத்துரு) மலையாகக் குவிந்து கிடக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். மொழி பைத்தான், திரைக்குப் பைக்யூட்டி 5 (க்யூட்டி என்ற திரைக் கருவித்தொகுப்பின் பைத்தான் வடிவம்), பட்டியலைச் சேமிக்க எஸ்கியூலைட். எழுத்தை மாற்றுவது சுலபம். தட்டியவர்களின் கைப்பழக்கம்தான் பாடாய்ப் படுத்தும். துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருப்பார்கள், 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் இருக்கும். அச்சில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடில் தேடினால் சொல் கிடைக்காது. இப்படிக் கண்ணில் பட்டதையெல்லாம் அக்கா ஒவ்வொன்றாகத் திருத்தப் பட்டியலில் ஏற்றிக்கொண்டே வந்தார். புரோகிராம் என்னுடையது என்றாலும் அதன் மதிப்பு முழுக்க அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

நடந்தது இதுதான். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் புரோகிராம் இருந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். அங்கே திறந்ததும் ஓடியிருக்கிறது. பட்டியல் மட்டும் காலி. "எல்லாத்தையும்தானே தம்பி எடுத்துட்டு வந்தேன்?" என்றார்.

கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எடுத்துத்தான் வந்திருந்தார். பட்டியல் இருந்தது ஆப்டேட்டாவில், விண்டோஸ் மறைத்து வைக்கிற ஃபோல்டருக்குள். டெஸ்க்டாப் புரோகிராம் எழுதுகிற எவரும் அங்கேதான் வைப்பார்கள், அதுதான் முறையும்கூட. மறுநாள் அச்சகத்து மெஷினிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஃபோல்டரை எடுத்தால் புரோகிராம் வந்துவிட வேண்டும் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு?

கடையில் இன்ஸ்டால் செய்யவும் வழியில்லை. முதலாளி அட்மின் பாஸ்வேர்டைத் தர மாட்டார். இருந்த நான்கு மெஷினில் ஒன்றில், அணைத்துப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்படி ஏதோ ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆக, பென்டிரைவிலேயே வாழ்கிற ஒரு போர்ட்டபிள் பதிப்பு வேண்டும். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆயிற்று. அதில் கோடு, அதாவது நிரல் வரிகள், எழுதியது நான்கு நாள் இருக்கும். மீதி முழுக்கச் சோதனை.

போர்ட்டபிள் என்றால் இன்ஸ்டால் செய்யாமல் ஓடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். தன் சாமான் முழுவதையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். தங்கிய வீட்டில் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. 2004-இல் ஜான் ஹாலர் ஃபயர்ஃபாக்ஸை யூஎஸ்பியில் ஓட வைத்தபோது செய்ததும் இதுதான். அதிலிருந்து வளர்ந்த போர்ட்டபிள்ஆப்ஸ் வடிவத்தில் புரோகிராம் ஒரு ஃபோல்டர், பயனரின் தரவு இன்னொரு ஃபோல்டர் என்று பிரித்தே வைத்திருப்பார்கள். புதுப் பதிப்பு வந்தால் முதல் ஃபோல்டரை மட்டும் மாற்றினால் போதும். இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

போர்ட்டபிளுக்கென்று தனியாக ஒரு கோடு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே புரோகிராம்; ஓடத் தொடங்கும்போது தன் பக்கத்தில் ஓர் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கட்டும், இருந்தால் போர்ட்டபிளாக நடந்துகொள்ளட்டும். நோட்பேட் பிளஸ் பிளஸ் 'டூலோக்கல்கான்ஃப்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பைப் பார்க்கிறது. விஎஸ் கோடு பக்கத்தில் 'டேட்டா' என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கிறது. நான் முதலில் ஃபோல்டர் வழியில் போய் அடிபட்டேன். வெறும் ஃபோல்டர் சில ஜிப் கருவிகளில் காணாமல் போய்விடும். அடையாளம் போனதும் புரோகிராம் தன்னை இன்ஸ்டால் ஆன பதிப்பு என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஆப்டேட்டாவில் எழுதத் தொடங்கிவிடும். இப்போது அடையாளம் ஒரு கோப்பு. உள்ளே "இதை அழிக்காதீர்கள்" என்று ஒரு வரி இருக்கிறது.

முதல் முயற்சி அவமானமாகப் போனது. பைத்தான் புரோகிராமை எக்ஸ்இ ஆக்கித் தரும் பைஇன்ஸ்டாலரில் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்இ-யாகக் கட்டும் வசதி உண்டு. பென்டிரைவில் ஒரே கோப்பு, எவ்வளவு அழகு! கட்டினேன், ஓடியது, இரண்டு சொல் ஏற்றினேன், மூடினேன், திறந்தேன். இரண்டும் இல்லை. அரை மணி நேரம் எஸ்கியூலைட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். குற்றவாளி நான்தான். ஒற்றை எக்ஸ்இ ஒவ்வொரு முறை ஓடும்போதும் டெம்ப் ஃபோல்டரில் ஒரு தற்காலிக இடம் பிடித்து, தன்னை அங்கே பிரித்துப்போட்டு, அங்கிருந்து ஓடும். மூடும்போது அந்த இடத்தைத் துடைத்துவிடும். நானோ, கோடு இருக்கும் கோப்பின் பாதையை வைத்து "என் பக்கத்தில்" என்று கணக்குப் போட்டிருந்தேன். என் பக்கம் என்பது அந்தத் தற்காலிக இடம். பட்டியலும் அதோடு சேர்ந்து துடைக்கப்பட்டது. எக்ஸ்இ-யின் உண்மையான பாதை வேண்டுமென்றால் 'சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்'-ஐக் கேட்க வேண்டும்.

சரிசெய்த பிறகும் ஒற்றைக் கோப்பைக் கைவிட்டேன். பழைய மெஷினில் ஒவ்வொரு முறையும் பிரித்துப்போட்டுத் திறப்பதற்குள் அக்கா மூன்று தடவை டபுள் கிளிக் செய்துவிடுகிறார். மூன்று ஜன்னல் திறக்கிறது. நடுவில் கரண்ட் போனால் டெம்ப்பில் குப்பை தங்கிவிடுகிறது. ஆன்டிவைரஸ்களுக்கும் இந்த வகை எக்ஸ்இ மேல் சந்தேகம் அதிகம். ஃபோல்டராகவே கட்டினேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் சட்டென்று திறக்கிறது.

அடுத்து, எங்கேயெல்லாம் எழுதுகிறோம் என்று கண்டுபிடிக்கும் வேலை. எனக்குத் தெரிந்த இடங்களை மாற்றியாயிற்று. தெரியாத இடங்கள்? ஒரு புரோகிராம் எங்கெங்கே படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டுவதில், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் புராசஸ் மானிட்டரை மிஞ்ச எதுவுமில்லை. வடிகட்டியில் இரண்டே விதி: புராசஸ் பெயர் நம்முடையது, வகை 'ரைட்'. பிறகு புரோகிராமைத் திறந்து, ஒரு பட்டன் விடாமல் அழுத்தி, மூடிவிட்டு, அது காட்டும் பட்டியலை மேலிருந்து கீழே பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அன்றைக்குத் தெரியவந்தவை: லாக் கோப்பு டெம்ப்பில் போய்க்கொண்டிருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். ஜன்னலின் அளவும் இடமும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) பதிவாகிக்கொண்டிருந்தன. இதுதான் ஆச்சரியம், ஏனென்றால் அமைப்புகளைச் சேமிக்கும் க்யூட்டியின் கியூசெட்டிங்ஸுக்கு இயல்பு வடிவம் ஐஎன்ஐ என்ற சாதாரணக் கோப்புதான் என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தேன். ஆவணத்தை மறுபடி எடுத்துப் படித்தால், நிறுவனப் பெயரும் புரோகிராம் பெயரும் கொடுத்து உருவாக்கினால் அந்த இயல்பு வடிவம் செல்லாது, ரெஜிஸ்ட்ரிக்குத்தான் போகும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். பாதையும் வடிவமும் கொடுத்து உருவாக்கிய பிறகு அடங்கியது. மூன்றாவது, நான் எழுதவே எழுதாத ஒன்று. கோப்பு திறக்கும் ஜன்னலைக் காட்டியதும் க்யூட்டி தானாகவே 'க்யூட்டிபுராஜெக்ட்' என்ற பெயரில் ரெஜிஸ்ட்ரியில் ஓர் இடம் போட்டு, கடைசியாகப் பார்த்த ஃபோல்டரைக் குறித்து வைக்கிறது. அது முன்பே இருந்ததா என்று தொடக்கத்தில் பார்த்து வைத்துக்கொண்டு, இல்லாதிருந்தால் மூடும்போது அழித்துவிடுகிறேன். நடுவில் புரோகிராம் செத்தால் தங்கும். அதோடு விட்டுவிட்டேன். எந்த எக்ஸ்இ ஓடியது என்று விண்டோஸ் தன் கணக்குக்கு எழுதிக்கொள்வது வேறு இருக்கிறது. அதில் நாம் கை வைக்க முடியாது. போர்ட்டபிள் என்றால் தடயமே இருக்காது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இத்தனையும் என் மெஷினில். என் மெஷின் எனக்காகப் பொய் சொல்லும் மெஷின். பைத்தான் இருக்கிறது, விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் எல்லாப் பதிப்பும் இருக்கிறது, முப்பது தமிழ் எழுத்துரு இருக்கிறது. எதை மூட்டை கட்ட மறந்தாலும் அது ஓசையில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடும். சுத்தமான மெஷின் வேண்டும். விண்டோஸ் 10 புரோ வைத்திருப்பவர்களுக்கு 2019-இல் வந்த 1903 பதிப்பிலிருந்து விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் உள்ளேயே இருக்கிறது. திறந்தால் புத்தம்புது விண்டோஸ், மூடினால் எல்லாம் போய்விடும். அக்கா வேலை பார்க்கும் கடையிலோ விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி ராம். அதற்கு, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் அதேபோல ஒன்றை உருவாக்கி, எதுவும் போடாத நிலையில் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தேன். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அந்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

அங்கே முதல் டபுள் கிளிக்கிலேயே, 'ஏபிஐ-எம்எஸ்-வின்' என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் (புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பு) இல்லை என்று பெட்டி வந்தது. இது மைக்ரோசாஃப்டின் பொது சி ரன்டைம். விண்டோஸ் 10-இல் கூடவே வரும். 7-இல் கேபி 2999226 என்ற அப்டேட் போட்டிருந்தால்தான் இருக்கும். அட்மின் இல்லாத இடத்தில் அப்டேட்டுக்கு எங்கே போவது? அந்த டிஎல்எல்களை எக்ஸ்இ பக்கத்திலேயே வைத்துக் கொடுக்க மைக்ரோசாஃப்டே அனுமதிக்கிறது. வைத்தேன். பைத்தானையும் 3.8-க்கு இறக்கினேன், விண்டோஸ் 7-ஐ ஆதரிக்கும் கடைசிப் பதிப்பு அதுதான். 32 பிட்டாக ஒன்றே ஒன்று கட்டினேன். 64 பிட் விண்டோஸிலும் அது ஓடும். இரண்டு கட்டிக் கொடுத்து, எதை எங்கே திறப்பது என்று அக்காவை யோசிக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எழுத்துருவுக்கும் இதே கதை. முன்பெல்லாம் "முதலில் இந்த எழுத்துருவை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று சொல்லிவந்தேன். க்யூட்டியில் எழுத்துருக் கோப்பை நேரடியாக ஏற்றிக்கொண்டால், புரோகிராம் ஓடும்வரை அதற்கு மட்டும் தெரியும், விண்டோஸுக்குத் தெரியாது. திறந்த உரிமத்தில் இருக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை வைத்தேன். பாமினியை வைக்கவில்லை. அதைப் பங்கிட எனக்கு உரிமை உண்டா என்று உறுதியாக ஒரு தாளும் கையில் இல்லை. மூலக் கோப்பு திரையில் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். அக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்தால் 'தமிழ்' என்று அப்படியே வாசிப்பவர் அவர்.

மெய்நிகர் மெஷினில் எல்லாம் பாஸ். தெம்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று சாயங்காலமே போன்: "தம்பி, பழைய வேர்டு கோப்பு ஒண்ணுமே திறக்கல."

பென்டிரைவை வாங்கிப் பார்த்தால், ஃபோல்டரின் பெயரை 'அக்கா வேலை' என்று தமிழில் மாற்றி வைத்திருக்கிறார். தமிழ்க் கருவி எழுதியவன் நான், தமிழ்ப் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்துச் சோதித்ததில்லை! பைத்தானுக்கு இதில் சிக்கல் இல்லை. பழைய டாக் கோப்பிலிருந்து எழுத்தை உருவ, சி மொழியில் எழுதிய ஒரு பழைய சிறு நிரலைத் துணைக்கு அழைக்கிறேன். அது யூனிகோடு தெரியாத காலத்து நிரல். விண்டோஸ் அதற்குப் பாதையைப் பழைய குறியீட்டுப் பக்கத்தில் (யூனிகோடுக்கு முன் மொழிக்கு மொழி இருந்த எழுத்து அட்டவணை) மாற்றித்தான் கொடுக்கும். தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு பக்கமே கிடையாது, ஆரம்பத்திலிருந்தே யூனிகோடு மட்டும்தான். ஆகவே 'அக்கா வேலை' என்பது வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்ந்தது. அப்படி ஒரு ஃபோல்டர் உலகத்திலேயே இல்லை.

முழுப் பாதையையே கொடுக்காமல் விட்டதுதான் தீர்வு. கோப்பை எண் மட்டும் பெயராகக் கொண்ட ஒரு நகலாக்கி, நம் தற்காலிக ஃபோல்டரில் வைத்து, துணை நிரலை அந்த ஃபோல்டரிலேயே நின்று ஓடச் சொன்னேன். அது பார்ப்பது வெறும் '1.டாக்' மட்டும். வேலை செய்தது. இப்போது என் சோதனை ஃபோல்டரின் பெயரே 'அ க்ஷௌ (2)' என்றுதான் இருக்கிறது. இடைவெளி, அடைப்புக்குறி, கூட்டெழுத்து எல்லாம் அதில் உண்டு.

இதே துணை நிரல் இன்னொரு தொல்லையும் கொடுத்தது. என் புரோகிராமை மூடிய பிறகும் பென்டிரைவைப் பாதுகாப்பாக எடுக்க விடாமல், "இது பயன்பாட்டில் உள்ளது" என்றே விண்டோஸ் சொல்லிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன ஒரு டாக் கோப்பில் மாட்டிக்கொண்டு துணை நிரல் பின்னால் உயிரோடு நின்றிருக்கிறது. அது நின்ற ஃபோல்டர் பென்டிரைவில். முப்பது விநாடி கெடு வைத்து, மீறினால் கொன்றுவிடும்படி மாற்றினேன்.

டிரைவ் எழுத்து மாறுவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அச்சகத்தில் ஈ, கடையில் ஜி. சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியலில் முழுப் பாதையை வைத்திருந்தால் அடுத்த இடத்தில் ஒன்றும் திறக்காது. எக்ஸ்இ-யிலிருந்து எவ்வளவு தூரம் என்று சார்புப் பாதையாக வைக்க வேண்டும். ஆனால் கோப்பு சி டிரைவில் இருந்து புரோகிராம் பென்டிரைவில் இருந்தால் சார்புப் பாதை என்று ஒன்று கிடையாது. பைத்தான் பிழை எழுப்பி நின்றுவிடும். ஒரே டிரைவா என்று முதலில் கேளுங்கள். இதைச் சோதிக்கப் பென்டிரைவைச் செருகிச் செருகி எடுக்க வேண்டியதில்லை. கட்டளைத் திரையில் 'சப்ஸ்ட்' போட்டால் எந்த ஃபோல்டரையும் எந்த எழுத்தாகவும் காட்டலாம்.

செருகி எடுத்தே தீர வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அக்கா 'சேஃப்லி ரிமூவ்' செய்யவே மாட்டார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததும் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். அதனால் நானும் பிடுங்கினேன். சொல் ஏற்றும்போது, சேமிக்கும்போது, ஒரு பெரிய கோப்பை மாற்றும் நடுவில் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடுங்கியே கழிந்தது. எஸ்கியூலைட்டில் வேகத்துக்காக 'வால்' (ரைட்-அஹெட் லாக்) முறையை வைத்திருந்தேன். அதில் புதுப் பதிவுகள் கொஞ்ச நேரம் பக்கத்துக் கோப்பில்தான் இருக்கும். பிடுங்கிய பிறகு யாராவது தரவுக் கோப்பை மட்டும் காப்பி எடுத்தால் கடைசிப் பதிவுகள் போச்சு. பழைய ஜர்னல் முறைக்கே திரும்பினேன். ஒரு சொல்லுக்கு ஒரு கமிட், அதாவது ஏற்றியதும் சேமிப்பு. பென்டிரைவில் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் நிமிஷத்துக்கு இரண்டு சொல் ஏற்றுபவருக்கு அது தெரியவா போகிறது? கூடவே, திறக்கும்போதெல்லாம் பட்டியலின் ஐந்து பழைய நகல்களைச் சுழற்சியில் வைத்துக்கொள்ளும்படி செய்தேன்.

கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை டிஸ்குக்கு டிஸ்க் வேறுபடும்; சோதனைக்கு உங்கள் என்டிஎஃப்எஸ் முறை ஹார்டுடிஸ்கை நம்ப வேண்டாம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. கோப்பு மாறியிருக்கிறதா என்று நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஃபேட் 32 முறையில் இருக்கும் பென்டிரைவில் அது அடிக்கடி உளறியது. ஃபேட்டில் மாற்ற நேரம் இரண்டு விநாடிக்கு ஒரு படிதான். என் கணக்கு அதற்குள் இருந்த வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

எழுத முடியாத இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். பூட்டிய பென்டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர், இப்படி. சில போர்ட்டபிள் புரோகிராம்கள் அப்போது சொல்லாமல் கொள்ளாமல் ஆப்டேட்டாவுக்குத் தாவிவிடும். நல்லெண்ணம்தான், ஆனால் அக்காவின் முதல் போன் மறுபடி வரும். என்னுடையது "இங்கே எழுத முடியவில்லை, பட்டியலில் சேர்ப்பது நிறுத்தப்பட்டுள்ளது" என்று மேலே சிவப்பில் காட்டிவிட்டு, மாற்றும் வேலையை மட்டும் செய்யும். ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளேயே எக்ஸ்இ-யை டபுள் கிளிக் செய்பவர்களுக்கு இப்படி எதுவும் சொல்ல முடியவில்லை. விண்டோஸ் எக்ஸ்இ-யை மட்டும் வெளியே எடுப்பதால் டிஎல்எல் இல்லையென்று அங்கேயே செத்துவிடும். ஜிப்பின் பெயரிலேயே 'பிரித்தபின் திறக்கவும்' என்று சேர்த்துவிட்டேன்.

ஆன்டிவைரஸ் விஷயத்தில் முழு வெற்றி இல்லை. கடையில் ஷார்ட்கட் வைரஸ் பட்டு நொந்தவர்கள், பென்டிரைவில் எக்ஸ்இ என்றாலே பயம். ஒரு மெஷினில் என் எக்ஸ்இ ஓசையில்லாமல் மறைந்துபோனது. அந்த ஆன்டிவைரஸ்காரர்களுக்குத் தவறான எச்சரிக்கை என்று எழுதிப் போட்டேன், சில நாளில் விட்டுவிட்டார்கள். அடுத்த பதிப்பில் மறுபடி பிடித்தது. கையொப்பச் சான்றிதழ் வாங்கினால் குறையலாம். இலவசப் புரோகிராமுக்கு வருஷா வருஷம் அந்தப் பணத்தைக் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

இப்படியாக ஐந்து மாதம் நிம்மதி. ஆறாவது மாதம் அக்கா கூப்பிட்டார். பென்டிரைவைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டார்.

"நீங்கதான் அஞ்சு காப்பி எடுத்து வைக்கும்னு சொன்னீங்களே தம்பி?"

எடுத்து வைத்தது. ஐந்தும் அதே பென்டிரைவில். போகிற இடத்தில் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்று இரண்டு மாதம் அத்தனை கவனமாக வேலை பார்த்திருந்தேன். கடைசியில் கைகொடுத்தது, அக்கா என்றைக்கோ அச்சகத்து மெஷினின் டெஸ்க்டாப்பில் போட்டு மறந்த ஒரு பழைய ஃபோல்டர்தான். மூன்று வாரத்துச் சொற்கள் மட்டும் போயின.

இப்போது பட்டியல் திரையின் அடியில் ஒரு பட்டன் இருக்கிறது. எந்த மெஷினில் அழுத்தினாலும், கேட்டுவிட்டுத்தான், நாம் காட்டுகிற இடத்தில் ஒரு நகலை வைக்கும். என்ன பெயர் போடலாம் என்று அக்காவிடமே கேட்டேன். 'பேக்கப்', 'காப்புநகல்' என்று நான் சொன்ன எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"வீட்டுக்கு ஒரு காப்பின்னு போடுங்க தம்பி" என்றார். அப்படியே போட்டிருக்கிறேன்.